மேகநாட்டில் விழுந்த குடை நிழல்

“மூலத்தைத் திறங்க சார். நான் பாக்கணும்.”

வேலையில் சேர்ந்த முதல் நாளே பொற்கொடிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஏசி குளிரவில்லை என்று கத்தலாம். கேன்டீன் சாம்பாரை அப்படியே கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைக்கலாம். பதவி உயர்வு எங்கே என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கலாம். மூலத்தை மட்டும் கேட்கக் கூடாது.

கருணைராஜ் தலையைத் தூக்கவில்லை. மாயப்படப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஐம்பதை நெருங்கும் மனிதர். கைக்கடிகாரத்தை முகம் உள்பக்கமாக இருக்கும்படி கட்டுகிறவர். யாரைப் பார்த்தும் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் கண்டதில்லை.

“எதுக்கு?”

“ஒரு ஆளைத் தேடறேன்.”

“யாரு?”

“இந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி பாத்த முட்டாளை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“திறந்தா என்ன ஆகும்னு தெரியுமா? சொல்லு பாப்போம்.”

“ஷூட்டிங்ல கேமரா பிடிச்சதெல்லாம் வெட்டாம ஓடும். ஒரு தடவைதான். ஓடி முடிஞ்சதும் நம்ம மாமியார் மெஷின் அதை முழுங்கிடுவா. அப்புறம் உலகத்துல யாருக்கும் அது கிடையாது.”

“அப்புறம்?”

“பாத்தவ நான் ஒருத்திதான். அதனால எது பிழைங்கற தீர்ப்பும் என்னோடதுதான். நீங்களும் மாத்த முடியாது, கம்பெனியும் மாத்த முடியாது.”

“அப்புறம்?”

“தீர்ப்பு கம்பெனிக்குப் பிடிக்கலைன்னா என் லைசென்ஸ் காலி. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“இவ்வளவும் தெரிஞ்சு கேக்கறே.”

“நீங்க எதுக்கு சார் பயப்படறீங்க? நான்தானே போகப்போறேன்?”

கருணைராஜ் விசைப்பலகையில் எதையோ தட்டினார்.

“பன்னெண்டு மணிக்கு அந்தப் பின்னறைக்குப் போ. சாயந்திரத்துக்குள்ள தீர்ப்பு வந்தாகணும்.”

இந்த நாளை நினைத்தால் பொற்கொடி இப்போதும் தன் வாய்த்துடுக்குக்கு ஒரு கும்பிடு போடுவாள். அந்த வாயால் அவள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. அன்றைக்கு ஒருநாள் அது அவளுக்கு நல்லது செய்தது.

மாமியார் என்பது இயந்திரத்துக்கு ஊழியர்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் சீர்மை. எந்தப் படத்தைக் காட்டினாலும் கன்டினியூட்டியில், அதாவது காட்சிக்குக் காட்சி இருக்க வேண்டிய தொடர்ச்சியில், குற்றம் கண்டுபிடிக்கும். போன காட்சியில் பாதி குடித்த டம்ளர் இந்தக் காட்சியில் நிரம்பியிருக்கிறதா, நாயகன் நெற்றிக் காயம் வலத்திலிருந்து இடத்துக்குத் தாவியிருக்கிறதா, எதுவும் தப்பாது. கண்டுபிடித்ததோடு நிற்காமல் திருத்தியும் விடும். தீர்ப்பு போன நிமிஷமே வீட்டு டிவியில், பாக்கெட் போனில், பழைய வட்டில் இருக்கிற பிரதிகூடத் தூசு தட்டி எடுத்துப் போட்டால் தானே மாறிக்கொள்ளும். பழைய பிழையைப் பார்த்தேன் என்று யாராவது சத்தியம் செய்தாலும் காட்ட ஒன்றும் இருக்காது.

மாமியாருக்குப் புரியாத ஒரே சமாச்சாரம் மாயப்படம். முதல் வருஷம் ஒரு பறக்கும் குதிரைப் படத்தைக் கொடுத்தார்கள். குதிரைக்கு இறக்கை இருக்காதே என்று அது இறக்கையை வெட்டிவிட்டது. இறக்கை இல்லாத குதிரை எப்படிப் பறக்கும் என்று தரையில் இறக்கிவிட்டது. ஏழு கடல் தாண்டிப் போக வேண்டிய இளவரசன் முதல் கடற்கரையிலேயே நின்றான். படம் அரை மணியில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் மாயப்படங்களுக்கு மனுஷர்கள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அந்த உலகத்தின் விதிகளை மனுஷர் எழுதிக் கொடுக்க வேண்டும். குதிரை பறக்கலாம்; குதிரைமேல் இருப்பவன் காலில் ரப்பர் செருப்பு இருக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்குத்தான் சம்பளம்.

ஆகவே பொற்கொடி அந்த இறக்கை வெட்டுப்பட்ட குதிரைக்கு நன்றி உள்ளவள். அது இல்லையென்றால் அவள் வீட்டின் முதல் டிகிரிக்கு இந்த ஊரில் நாற்காலி கிடைத்திருக்காது.

“கேட்டுட்டியா?” பக்கத்து நாற்காலி சுபைதா கண்ணை விரித்தாள். “நெசமாவே வாயத் தொறந்து கேட்டுட்டியாடி?”

“கேட்டேன்.”

“பெருசு என்ன சொல்லிச்சு?”

“பன்னெண்டு மணிக்குப் போன்னாரு.”

“அவ்ளோதானா? எனக்குத் தெரிஞ்சு அந்தப் படத்தை அவரு யாருக்குமே குடுத்ததில்ல. கம்பெனி கேட்டா வேற படம் அவசரம்பாரு. இது எப்பவும் வரிசைல கடைசி. அவரு லீவுல இருந்தப்ப நீயா எடுத்துக்கிட்ட.” சுபைதா குரலைத் தாழ்த்தினாள். “அவரே ஒரு காலத்துல செட்ல வேல பாத்தவருதான். ஏதோ ஒரு படத்துல பெரிய தப்பை விட்டுட்டாராம். அதுக்கப்புறம் ஒருத்தரும் கூப்பிடல. அதான் இங்க வந்து அடுத்தவன் தப்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு.”

“சரியான ஆளைத்தான் உக்கார வச்சிருக்காங்க.”

“வேல போச்சுன்னா என்னடி பண்ணுவ? திருப்போரூர் பக்கம் சில பசங்க நெஜ ஆளுங்கள நிக்க வச்சே படம் எடுக்கறாங்களாம். கூட்டத்துக்குக் கூட ஆளாம்! கன்டினியூட்டி பாக்கத் தெரிஞ்சவங்க வேணும்னு போட்டிருந்தான். போறியா?”

“பைத்தியக்காரனுங்க,” என்றாள் பொற்கொடி.

படத்தின் பெயர் ‘மேகநாட்டு மகாராணி.’ மேகத்துக்கு மேலே ஒரு நாடு. அங்கே பாறைகள் மிதக்கும், யானைகள் பாடும். எதிரி முற்றுகையிடும் காலையில் கோட்டை மதிலில் ஈட்டியும் கேடயமுமாகக் காவல் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இடமிருந்து மூன்றாவது நிற்பவள் ஒல்லியான பெண். மகாராணி ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டு முடியும்போது அந்த மூன்றாவது பெண்ணுக்கு ஏழு மாத வயிறு. அடுத்து எதிரி வருவான். வயிறு காணாமல் போயிருக்கும்.

அந்தத் துண்டு ஊர் முழுக்கப் பரவியது. ‘ஒரே பாட்டில் பிள்ளை’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். பொங்கிய பூரிக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை ஒட்டினார்கள். பொற்கொடி கல்லூரியில் சேர்ந்தபோதும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. அது யார் என்று தெரியாமலே தோழிகள் அவளுக்கே அனுப்பினார்கள். அவளும் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பிவிட்டு, ஹாஸ்டல் பாத்ரூமில் போய் நின்றாள்.

மூன்றாவது பெண் அவள் அம்மா சரோஜினி. அந்த வயிறு பொற்கொடி.

துணை நடிகை சரோஜினிக்கு அதில் வெட்கமே இல்லை என்பதுதான் பொற்கொடிக்கு ஆத்திரம். இப்போது கூட்டத்துக்கு ஆளே வேண்டாம், கணினி நிரப்பிக்கொள்கிறது. சரோஜினி ஒரு பெண்கள் விடுதியில் சமைக்கிறாள். டிவியில் அந்தக் காட்சி வந்தால் கரண்டியோடு ஓடிவந்து நிற்பாள். பொற்கொடி டிவியை அணைத்துவிடுவாள்.

இந்த வேலைக்கு அவள் எழுதிப் போட்டதே அதற்காகத்தான். ஒருநாள் அந்தப் படம் என் கைக்கு வரும். அந்த வயிற்றை உலகத்திலிருந்தே துடைத்து எடுப்பேன். படம் வந்தது. மூன்று பிழை குறித்தாள். ஒன்று, வயிறு. இரண்டு, அந்தப் பெண்ணின் ஈட்டி காற்றுக்கு வாழைத்தண்டு மாதிரி வளைகிறது. மற்றவர்கள் ஈட்டி வளையவில்லை. மூன்று, அவளுக்குப் பின்னால் மதிலில் ஒரு குடையின் நிழல். மேகத்துக்கு மேலே இருக்கிற நாட்டில் மழையே கிடையாது; குடை ஏது?

ஒரே பெண்ணைச் சுற்றி மூன்று பிழை. எந்த அசட்டுப் பயல் பார்த்தான் இதை? அவன் பெயரைத் தெரிந்துகொண்டு, எங்கிருந்தாலும் போய், முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அப்புறம் துடைத்தால்தான் மனசு ஆறும். அதற்குத்தான் மூலம்.

பின் அறையில் ஒரு நாற்காலி, ஒரு திரை. கதவு தானே சாத்திக்கொண்டது.

முதலில் வெயில்தான் வந்தது. திரையே கூசுகிற வெயில். யாரோ டீ எங்கே என்று கேட்டான். யாரோ பாடும் யானையின் தும்பிக்கைக்குள் எலி இருக்கிறது என்று கத்தினாள். பொற்கொடிக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. பிறகு மதில். மதிலில் அம்மா.

இவ்வளவு சின்னப் பெண்ணா! இன்றைய பொற்கொடியைவிடச் சின்னவள். கவசத்தின் வார் பூட்டாமல் தொங்கியது. வயிறு அதற்குள் அடங்கவில்லை.

தொப்பி போட்ட ஒருவன் முதுகைக் காட்டியபடி கேமராவின் சட்டத்துக்குள் வந்தான். கையில் ஒரு டேப்லெட். அதில் முந்தைய படப்பிடிப்பின் நிழற்படம். அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“அக்கா, போன ஷெட்யூல்ல நீங்க இப்படி இல்லையே.”

“நடுவுல ரொம்ப மாசம் ஷூட்டிங் நின்னு போச்சே தம்பி. ராணியம்மா கால ஒடச்சிக்கிட்டாங்க. நான் இன்னா பண்றது? இது நிக்குமா?” அம்மா வயிற்றைத் தொட்டாள்.

“ஐயோ. வேற ஆளைத்தான் நிக்க வைக்கணும்.”

“தம்பி, தம்பி. என்னத் தூக்கிடாதீங்க. இந்தப் படம் முடிச்சாத்தான் யூனியன் கார்டு புதுப்பிச்சுத் தருவாங்க. கார்டு இருந்தாத்தான் அந்த ஆஸ்பத்திரில சேத்துக்குவாங்க. மொத கொழந்தை வயித்துலயே போயிடுச்சு. டாக்டரு இதயாவது பெரிய ஆஸ்பத்திரில பாருன்னாரு. வீட்டுக்காரரும் கூட இல்ல. ஓரமா நிக்கறேன், தெரியாம நிக்கறேன்.”

ஒலிபெருக்கியில் டைரக்டரின் குரல் வந்தது. “கன்டினியூட்டி! எல்லாம் சரியா இருக்கா? போலாமா?”

தொப்பிக்காரன் மறுபடி நிழற்படத்தைப் பார்த்தான். மாமியாராக இருந்தால் இந்த இடத்தில் யோசித்தே இருக்காது.

“யோவ்! காது கேக்குதா?”

“சரியா இருக்கு சார்!” என்று கத்தினான் அவன். “ஓடட்டும்!”

பொற்கொடியின் முதுகு நிமிர்ந்தது.

‘ஓடட்டும்’ என்ற அந்தச் சொல்லை அவள் இந்த ஆபீஸில் தினமும் கேட்கிறாள். ஒவ்வொரு கோப்பு முடியும்போதும், உணர்ச்சியில்லாத அதே குரலில். இங்கே குரல் இளமையாக இருந்தது, அவ்வளவுதான். அவன் கையை உயர்த்தினான். மணிக்கட்டில் கடிகாரத்தின் முகம் உள்பக்கமாக இருந்தது.

“கேடயத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கமா பிடிங்கக்கா. ஆங். கை வலிச்சா சொல்லுங்க.”

ஒரு தடவை எடுத்தார்கள். யானை தப்பான இடத்தில் பாடியது. மறுபடி எடுத்தார்கள். இரும்பு ஈட்டி அம்மாவின் கையில் சரிவதைப் பார்த்து, அதை வாங்கிக்கொண்டு ரப்பர் ஈட்டி ஒன்றைக் கொடுத்தான். மறுபடி. வெயில் ஏறிக்கொண்டே போனது. எங்கிருந்தோ ஒரு குடையைக் கொண்டுவந்து, சட்டத்துக்கு வெளியே நின்று, கையை நீட்டி அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டான். ‘ஆக்‌ஷன்’ என்றால் குடையை இழுத்துக்கொள்வான். ‘கட்’ என்றால் நீட்டுவான். கடைசித் தடவை குடையை முழுசாக இழுக்கவில்லை. நிழல் மதிலில் விழுந்ததை அவன் பார்க்கவில்லை. அம்மாவின் கண் செருகி, கேடயம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது; அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கட்! சூப்பர்! இதுதான் டேக்!” என்றார் டைரக்டர். அவர் மகாராணியை மட்டுமே பார்த்திருப்பார்.

“உக்காருங்கக்கா, உக்காருங்க. யாராவது அந்த நாற்காலியத் தள்ளுங்கப்பா!”

திரை கறுத்தது. ‘மூலம் மூடப்பட்டது’ என்று ஒரு வரி வந்து, அதுவும் போனது.

பொற்கொடி வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“இன்னா கண்ணு இந்நேரத்துல? சாப்ட்டியா?”

“ம்மா. மேகநாட்டுப் படத்துல உனக்கு ஒருத்தர் குடை பிடிச்சாரா?”

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்து அடங்கியது.

“குடைக்காரத் தம்பி! உனக்கு யாருடி சொன்னது? பேரு கூடத் தெரியாது எனக்கு. நீ பொறந்தப்புறம் உன்னத் தூக்கிக்கினு போய்க் காட்டலாம்னு தேடிப் போனேன். படம் வந்து எல்லாரும் சிரிச்சதுல அவர வேலைய வுட்டு எடுத்துட்டாங்களாம். யாரும் வேலைக்கு வச்சிக்கலியாம். எங்க போனாருன்னே தெரில.”

“ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ எங்கடி வுட்ட? அந்தப் படம்னாலே டிவிய அமுக்கிடுவ. நான் என்னப் பாக்கவா ஓடியாரேன்? அந்தச் செவுத்துல நெழல் விழும் பாரு, அதப் பாக்கத்தான். அந்தத் தம்பி மொகம் எங்கயும் இல்ல. நெழலாவது இருக்குதேன்னுதான்.” சரோஜினி மூக்கை உறிஞ்சினாள். “என்னிக்காவது பாத்தா ஒரு நன்றி சொல்லிடணும்டி. அவ்ளோதான்.”

பொற்கொடி போனை வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்கு வந்தாள். அழவில்லை. கோபத்துக்குத்தான் அவளுக்கு உடம்பு பழகியிருந்தது. கோபம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

மூன்று பிழை. மூன்றும் ஒரே ஆள் செய்த ஒரே வேலை. அதற்கு இருந்த சாட்சியை இப்போதுதான் மாமியார் விழுங்கினாள், அதுவும் பொற்கொடி கேட்டதனால். இனி அந்தப் பகல் உலகத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறது என்றால், ஊரே சிரிக்கிற அந்தத் துண்டில் மட்டும்தான்.

கம்பெனி ஏற்கெனவே விளம்பரம் கொடுத்துவிட்டது: ‘வயிறில்லாத மேகநாடு, இந்த வெள்ளி முதல்!’

அவள் உலக விதிகளைத் திறந்து தட்டினாள்.

‘மேகநாட்டில் வயிற்றுப் பிள்ளையோடு வந்து நிற்கிறவளைக் காவலிலிருந்து நீக்கும் வழக்கமில்லை.’

‘கர்ப்பிணி கையில் எடுத்தால் ஈட்டி கனம் இழக்கும். காற்றுக்கு வளையும்.’

‘வெயிலில் நிற்கிறவளுக்குத் தலைக்குமேல் நிழல் வரும். யார் பிடிப்பது என்று கேட்கக் கூடாது.’

மாமியார் கேட்டாள்: ஒரே காலையில் வயிறு தோன்றி மறைவது?

‘மேகநாட்டில் காலம் தாய்க்குத் தகுந்தபடி நடக்கும்,’ என்று எழுதினாள்.

இயந்திரம் அசையாமல் இருந்தது. பிறகு பச்சை விழுந்தது. விதிகள் ஏற்கப்பட்டன. பிழை இல்லை.

எட்டிப் பார்த்த சுபைதா நெஞ்சில் கை வைத்தாள். “அடிப் பாவி! நாளைக்கே லைசென்ஸ பிடுங்கிடுவாங்கடி.”

“நாளைக்கு நான் இங்க இருந்தாத்தானே? அந்தப் பைத்தியக்காரனுங்க நம்பர் வச்சிருக்கியா?”

“எந்தப் பைத்தியம்?”

“திருப்போரூர்.”

கருணைராஜ் அறையில் திரைச்சீலை பாதி மூடியிருந்தது. தீர்ப்பு அவர் திரைக்கு வந்துவிட்டிருந்தது. எல்லா விதியையும் அவர் படித்து முடித்திருக்க வேண்டும். ஆனாலும் கண் அங்கேயே இருந்தது.

“முட்டாள் கிடைச்சானா?” என்றார், நிமிராமல்.

“கிடைச்சான் சார்.”

“நாலு வார்த்தை கேக்கணும்னியே.”

“கேக்கலாம்னுதான் வந்தேன். ஒண்ணும் வரல.” அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “அந்தம்மா ரொம்ப வருஷமா அவரைத் தேடிக்கிட்டிருக்காங்களாம். பேர் தெரியாததால கண்டுபிடிக்க முடியலையாம். ஒரு நன்றி பாக்கி இருக்குன்னாங்க.”

கருணைராஜின் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அந்தம்மா நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க. ஹாஸ்டல்ல சமைக்கறாங்க. உப்பு மட்டும் எப்பவும் தூக்கல்.”

“பிரசவம்...” அவர் இருமி, மறுபடி கேட்டார். “குழந்தை தங்கிச்சா?”

இத்தனை வருஷம் இந்த ஒரு கேள்வியை அவர் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்தவர், அந்த வயிறு என்ன ஆயிற்று என்று தெரியாமலேதான் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

“தங்கிச்சு சார்,” என்றாள். “டிகிரி முடிச்சிருக்கு. வாய்தான் கொஞ்சம் நீளம்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். போன காட்சிக்கும் இந்தக் காட்சிக்கும் என்ன மாறியிருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் காணாத ஒன்று அவர் முகத்தில் வந்தது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்க போகப்போறே?”

“செட்டுக்கு. கன்டினியூட்டி பாக்க.”

“தப்பு வரும்.”

“வரட்டும் சார். யாருக்காக வருதுன்னு பாத்துக்கறேன்.”

அவர் விசையைத் தட்டினார். தீர்ப்புக்கு அவர் ஒப்புதல் தேவையே இல்லை; ஆனாலும் தட்டினார்.

“ஓடட்டும்,” என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். வராந்தாவின் கோடியில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

“பொற்கொடி.” மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் குடையை எடுத்து நீட்டினார். “வெயில் கடுமையா இருக்கு. எடுத்துட்டுப் போ.”

“வேணாம் சார்,” என்றாள் அவள். “எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை குடை பிடிச்சிட்டீங்க.”

திரும்பிப் பார்க்காமல் வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.